சட்டைப் பையில் தைத்த பெயர்

அப்பா: இந்தத் துணியில பாக்கெட் இருக்கு.

மகள்: இருக்கட்டும்ப்பா. தேய்ச்சு அந்தப் பக்கம் வைங்க.

அப்பா: இருபது நாள் குழந்தைக்கு எதுக்குப் பாக்கெட்... பேனா வச்சுக்கப் போறானா?

மகள்: உங்க பழைய யூனிஃபார்ம் சட்டையை வெட்டித்தான் அவனுக்கு எல்லாத் துணியும். தோய்ச்சுத் தோய்ச்சு பூ மாதிரி ஆயிடுச்சாம். அம்மாதான் வெட்டினா. அந்த ஒரு பாக்கெட்டை மட்டும் விட்டுட்டா போல.

அப்பா: ம்... பேரோட விட்டிருக்கா.

மகள்: பாத்தீங்களா. அவன் துணியிலயே பேர் தைச்சிருக்கு. நீங்கதான் வேண்டாம் வேண்டாம்னு...

அப்பா: பேச்சை அங்க கொண்டு போகாத.

மகள்: வேற எங்க கொண்டு போறது? பன்னிரண்டு மணிக்கு உங்க மாப்பிள்ளை வந்து இந்தப் பிறப்புப் பதிவு ஃபாரத்தை வாங்கிட்டுப் போகணும். இருபத்தோரு நாளுக்குள்ள பேர் குடுக்கணும்னு போட்டிருக்கான். நாளைக்கு ஆபீஸ் லீவு. எல்லாக் கட்டமும் நிரப்பியாச்சு, இந்த ஒரு கட்டம்தான் காலி.

அப்பா: உலகத்துல வேற பேரே இல்லையா?

மகள்: நெறைய இருக்கு. எங்க அப்பா பேர் ஒண்ணுதான் இருக்கு.

அப்பா: எங்க அப்பா அம்மா எனக்கு வச்ச பேர் அடையாள அட்டையில இருக்கு. எடுத்துப் பாரு. அதுல எங்கயாவது ரூபன்னு போட்டிருக்கா?

மகள்: அட்டைப் பேரைச் சொன்னா நீங்களே திரும்ப மாட்டீங்க. போன மாசம் கண் ஆஸ்பத்திரியில நர்ஸ் நாலு தடவை கூப்பிட்டாங்க. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தவரைப் பாத்து, 'உங்களைத்தான் போல சார்'னு சொன்னீங்க.

அப்பா: காது கொஞ்சம் மந்தம்.

மகள்: கண்ணுக்குப் போன இடத்துல காதைச் சொல்றீங்க.

அப்பா: ரெண்டுக்கும் வயசாச்சு.

மகள்: அம்மா அதுக்கு மேல. 'புருஷன் பேர் என்னம்மா'ன்னு கேட்டதுக்கு வாயே திறக்கலை. பேப்பர் கேட்டு வாங்கி எழுதிக் காட்டினா. பாவம் அந்த நர்ஸ், அம்மாவுக்குப் பேச வராதுன்னு நெனச்சு, அப்புறம் எல்லாத்தையும் கையாலயே ஜாடை காட்டினா.

அப்பா: அவளுக்கு என் பேர் வாயில வராது. ஒரு நாளும் வந்ததில்ல.

மகள்: ரூபன்னா மட்டும் தெருமுனை வரைக்கும் கேக்குது. சண்டைன்னாலும் ரூபன், சாப்பாடு ஆறுதுன்னாலும் ரூபன். ஸ்கூல்ல என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேப்பாளுங்க. 'எங்கம்மா எல்லாம் என்னங்கன்னுதான் கூப்பிடுவாங்க, உங்கம்மா என்னடி அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க'ன்னு. எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கும்.

அப்பா: பெருமையா...

மகள்: ஆமா. ஏன், உங்களுக்கு இல்லையா?

அப்பா: தேய்ச்ச துணியை எங்க வைக்கறது?

மகள்: கட்டில் மேல. பேச்சை மாத்தாதீங்க. இருங்க, என் நோட்டை எடுக்கறேன். நான் சும்மா ஆசைப்பட்டு இந்தப் பேரைச் சொல்லலை. விசாரிச்சு வச்சிருக்கேன்.

அப்பா: மொழிபெயர்ப்பு ஆபீஸ்ல உனக்குச் சம்பளம் குடுக்கறது சர்டிபிகேட் பாக்கறதுக்கா, பேர் ஆராய்ச்சிக்கா?

மகள்: எந்த சர்டிபிகேட்டா இருந்தாலும் முதல் வரி பேர்தானே. அதுல ஒரு எழுத்து தப்பினாலும் ஆள் திரும்பி வந்து நிப்பாங்க. அதனால எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் பேர்ப் பைத்தியம். நான் எட்டு மாசத்துல இருக்கும்போதே ஒவ்வொரு மேஜையா போய்க் கேட்டு எழுதிட்டு வந்துட்டேன்.

அப்பா: பொண்ணாப் பொறந்திருந்தா?

மகள்: பொண்ணுன்னா உங்க மாப்பிள்ளை வைக்கறது, பையன்னா நான் வைக்கறது. அது எங்களுக்குள்ள ஒப்பந்தம். கேளுங்க... முதல்ல, வடமொழி. ரூபம்னா உருவம். அழகுன்னும் எடுத்துக்கலாம். ரூபன்னா அழகன்.

அப்பா: என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?

மகள்: அர்த்தம் பேருக்குத்தான்ப்பா, ஆளுக்கு இல்ல.

அப்பா: அதான் பாத்தேன்.

மகள்: ஸ்பானிஷ் பேப்பர் பாக்கறவர்கிட்ட கேட்டேன். 'இது எங்க பேராச்சே, என் மச்சினன் பேரே ரூபென்'னு சண்டைக்கு வந்துட்டார். ஆர்மீனியப் பேப்பர் வாரத்துக்கு ஒண்ணு வரும், அதைப் பாக்கறவங்க சொன்னாங்க, அவங்க நாட்டுல முன்னாடி ஒரு ராஜ பரம்பரையே அந்தப் பேர்லதான் இருந்துச்சாம்.

அப்பா: ஒரு சட்டைப் பேருக்கு இத்தனை சொந்தக்காரங்களா?

மகள்: இன்னும் இருக்கு. லத்தீன்ல கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு வார்த்தை இருக்கு, சிவந்திருக்கறதுன்னு அர்த்தம். ஆனா அதுக்கும் இதுக்கும் உறவு கிடையாதாம். சாயல் மட்டும்தான்.

அப்பா: சிவப்புதான்.

மகள்: எது?

அப்பா: இந்தப் பாக்கெட் நூல். சட்டை வெளுத்துப் போச்சு, நூல் அப்படியே இருக்கு பாரு.

மகள்: காட்டுங்க... ஆமா. 'ரூ' மட்டும் என்ன இப்படிக் கோணலா இருக்கு? அம்மா தையல் மாதிரியே இல்ல. அவ தைச்சா அச்சடிச்ச மாதிரி இருக்குமே.

அப்பா: விடு. நீ நோட்டைப் படி.

மகள்: முக்கியமானது இனிமேதான். மூலம் எபிரேயம்தானாம். எபிரேயப் பேப்பர் பாக்கற மேடம் சொன்னாங்க. 'பாருங்க, ஒரு மகன்.' அதான் அர்த்தம். ரெண்டு வார்த்தை சேந்து ஒரு பேர். பையன் பொறந்ததும் தூக்கிக் காட்டிச் சொல்ற மாதிரி. எனக்கு ஆஸ்பத்திரியில அப்படித்தானே காட்டினாங்க. கேட்டதும் உடம்பு சிலிர்த்துப் போச்சுப்பா.

அப்பா: நல்லாத்தான் இருக்கு.

மகள்: அதுக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு. ஒரு பொண்ணு. அவ புருஷனுக்கு அவ மேல பிரியம் இல்ல. கட்டிக்கிட்டான், அவ்வளவுதான். மூத்த பையன் பொறந்ததும் அவ அந்தப் பேரை வச்சா. 'என் கஷ்டத்தைக் கடவுள் பாத்துட்டாரு, இனிமேலாவது என் புருஷன் என் மேல ஆசையா இருப்பான்'னு சொன்னாளாம்.

அப்பா: இருந்தானா?

மகள்: என்ன?

அப்பா: அதுக்கப்புறம் ஆசையா இருந்தானான்னு கேக்கறேன்.

மகள்: இல்லப்பா. அவன் மனசு முதல்லேர்ந்தே வேற ஆள் மேல. அது கடைசி வரைக்கும் மாறலை.

அப்பா: ம்.

மகள்: அப்பா, இஸ்திரிப் பெட்டி. துணி கருகப் போகுது.

அப்பா: எடுத்துட்டேன்.

மகள்: என்ன யோசனை?

அப்பா: ஒண்ணுமில்ல. அந்தப் பொம்பளையை நெனச்சேன். பக்கத்துலயே இருந்துகிட்டு, கடைசி வரைக்கும் தெரியாமலே... சரி, வேற பேர் சொல்லு.

மகள்: எதுக்கு வேற பேர்? முப்பது வருஷம் ட்யூப்லைட் முன்னாடி உக்காந்து பாட்டில்ல கீறல் இருக்கான்னு பாத்தீங்க. இப்போ பேர்லயும் கீறல் தேடறீங்களா?

அப்பா: இருக்கற கீறல் கண்ணுல பட்டுட்டா, அந்தப் பாட்டிலை எடுத்துத் தனியா வச்சுடணும். அதான் என் வேலை.

மகள்: சரி, கீறலைக் காட்டுங்க. எனக்குத் தெரிஞ்ச கதை சொல்றேன், எங்க இருக்குன்னு சொல்லுங்க. நீங்க பாட்டில் ஃபாக்டரியில செக்கிங் லைன்ல சேந்தீங்க. அம்மா யூனிஃபார்ம் ரூம்ல பாக்கெட்டுக்குப் பேர் தைக்கிறா. உங்களுக்கு முன்னாடி அந்த லைன்ல ஒருத்தர் இருந்தார், போயிட்டார். அவருக்கு எடுத்து வச்ச புதுச் சட்டை அலமாரியிலயே இருந்துச்சு. உங்க அளவும் அதேதான். அம்மா கவுன்டர்ல அதை எடுத்துக் குடுத்து, 'ரெண்டு நாள் போட்டுக்கோங்க, பேரை மாத்தித் தைச்சுத் தரேன்'னா. சூப்பர்வைசர் பாக்கெட்டைப் பாத்து ரூபன்னு கூப்பிட்டார். ஃபாக்டரியே ரூபன்னு கூப்பிட்டுச்சு. ரெண்டு நாள் முப்பத்தி மூணு வருஷமாச்சு. சரியா?

அப்பா: சரிதான்.

மகள்: என் கல்யாணத்துல இந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சீங்க. இதுல கீறல் எங்க இருக்கு?

அப்பா: போயிட்டார்னு சொன்னியே. எங்க போனார்னு ஒரு நாளாவது கேட்டியா?

மகள்: வேற வேலைக்குப் போயிருப்பார்.

அப்பா: செத்துப் போயிட்டார்.

மகள்: ஐயோ. ஃபாக்டரியிலயா?

அப்பா: இல்ல, மஞ்சள்காமாலை. ஒன்பது நாள்ல போயிட்டார். இருபத்தேழு வயசு. என்னை விட ஒரு வயசு கம்மி.

மகள்: அதான் வேண்டாங்கறீங்களா? செத்தவர் பேர்னு? எந்தப் பேரை எடுத்தாலும் அந்தப் பேர்ல யாராவது ஒருத்தர் செத்திருப்பாங்கப்பா.

அப்பா: அதுக்கில்ல.

மகள்: பின்ன?

அப்பா: உங்கம்மா எங்க?

மகள்: மாடியில துணி காயப் போடறா. இப்பதான் போனா... ஏன், குரலை இறக்கறீங்க?

அப்பா: அவரு உங்கம்மாவைக் கட்டியிருந்தார்.

மகள்: யாரு?

அப்பா: ரூபன்.

மகள்: நம்ம அம்மாவையா?

அப்பா: ஏழு மாசம். அதுக்கப்புறம்தான் காமாலை.

மகள்: அப்பா, நான்... எனக்கு முப்பது வயசு ஆகப் போகுது.

அப்பா: தெரியும்.

மகள்: இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூடச் சொல்லலையே.

அப்பா: மறைக்கணும்னு இல்லம்மா. வீடு மாறி இந்தப் பக்கம் வந்துட்டோம், தெரிஞ்சவங்க யாரும் இல்ல. நீ பொறந்த. இன்னிக்குச் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம்னு போயிடுச்சு. அப்புறம் அந்தச் சட்டைக் கதையைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பிச்சோம். சிரிச்சு முடிச்ச கதையில போய் இதை எப்படிச் சேக்கறது?

மகள்: உங்களுக்கு எப்போ தெரியும்? சட்டை போட்டதுக்கு அப்புறமா?

அப்பா: அதே வாரம். லைன்ல இருந்த ஒருத்தன் சொன்னான். 'நீ போட்டிருக்கறது அந்தப் பொண்ணோட புருஷன் சட்டைடா'ன்னு. எனக்குச் சட்டை உடம்புல ஒட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. சாப்பாட்டு நேரத்துல நேரா கவுன்டருக்குப் போனேன், மாத்திக் குடுன்னு கேக்க.

மகள்: கேட்டீங்களா?

அப்பா: அவ என் பாக்கெட்டையே பாத்துட்டு நின்னா. முகத்தைப் பாக்கலை, பாக்கெட்டை. 'பட்டன் ஒண்ணு குடுங்க'ன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

மகள்: அப்புறம்?

அப்பா: அப்புறம் தினமும் பட்டன் வாங்கப் போனேன்.

மகள்: சிரிப்பு வருதுப்பா... அழுகையும் வருது.

அப்பா: எனக்கு அவளைப் பிடிச்சுப் போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சுக் கேட்டேன். சரின்னா. ஆனா பேரை மட்டும் மாத்தவே இல்ல. ஒவ்வொரு வருஷமும் புதுச் சட்டை வரும், அவளே ரூபன்னு தைச்சுக் குடுப்பா. வீட்டுலயும் ரூபன். உன்னைப் பெத்துட்டுக் கண்ணு முழிச்சதும் முதல் வார்த்தை ரூபன்.

மகள்: உங்களைத்தானே கூப்பிட்டா.

அப்பா: அதைத்தான் நான் முப்பத்தொரு வருஷமா யோசிக்கறேன்.

மகள்: அப்பா...

அப்பா: குறை சொல்லலை. அவ எனக்கு ஒரு குறையும் வைக்கலை. ஜுரம்னா ராத்திரி பூரா உக்காந்திருப்பா. ஆனா அந்தப் பேரைச் சொல்லி ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும், அவ கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்கறது யாருன்னு எனக்குத் தெரியாது. நான் அட்டையில இருக்கறவன். அந்தப் பேரை அவ ஒரு தடவை கூடச் சொன்னதில்ல. நீயே சொன்னல்ல, எழுதிக் காட்டினான்னு.

மகள்: அது வந்து...

அப்பா: நான் போட்டுக்கிட்டேன். பழகிப் போச்சு. அந்தக் குழந்தைக்கு எதுக்கு? அவன் புதுசாப் பொறந்தவன். அவனாவது அவன் பேர்ல இருக்கட்டும்.

மகள்: அம்மாகிட்ட கேட்டிருக்கலாமேப்பா.

அப்பா: என்னன்னு கேக்கறது? ஆமான்னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் எப்படி அவ கையால தண்ணி வாங்கிக் குடிக்கறது?

மகள்: படியில சத்தம் கேக்குது. வர்றா.

அப்பா: நோட்டை மூடு. நீ ஒண்ணும் பேசாத.

அம்மா: ரூபன், மாடிக் கொடி ஒரு பக்கம் தளர்ந்து போச்சு. சாயந்தரம் இழுத்துக் கட்டுங்க. என்ன, ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க? குழந்தை எழுந்துட்டானா?

மகள்: தூங்கறான்மா.

அம்மா: அப்போ முகத்தை ஏன் தொங்கப் போட்டிருக்க? இது என்ன, இஸ்திரிப் பெட்டி சூடு ஏறிக் கெடக்கு, துணி பாதியில நிக்குது. ஃபாரம் முடிச்சாச்சா?

மகள்: அப்பா வேண்டாங்கறாரு.

அம்மா: எதை?

அப்பா: ஒண்ணுமில்ல. பேர் கொஞ்சம் பழசா இருக்குன்னு சொன்னேன்.

அம்மா: பழசா? போன வாரம் எதிர் வீட்டுக்காரர் பேரனுக்கு நூறு வருஷத்துப் பேரா வச்சாங்க, அருமையான பேர்னு சொல்லிட்டு வந்தீங்க.

அப்பா: அது வேற.

அம்மா: என்ன வேற... என்னடி, நீ ஏன் என்னை இப்படிப் பாக்கற?

மகள்: ஒண்ணுமில்லம்மா.

அம்மா: ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. அப்போ என்னமோ பெருசா இருக்கு. ரூபன்?

அப்பா: சொல்லிட்டேன்.

அம்மா: எதைச் சொல்லிட்டீங்க?

அப்பா: சட்டை யாரோடதுன்னு.

அம்மா: இவகிட்டயா?

மகள்: அம்மா, நீ உக்காரு.

அம்மா: எனக்கு ஒண்ணும் ஆகலை. இந்தக் கூடையைப் பிடி. என்னிக்காவது சொல்லணும்னுதான் இருந்தேன். அப்பாவே சொன்னதும் நல்லதுதான். உனக்கு ஏதாவது கேக்கணும்னா கேளு.

மகள்: எனக்கு இல்லம்மா. அப்பாவுக்குத்தான்.

அப்பா: உன்னை வாயைத் திறக்காதன்னு சொன்னேன்.

அம்மா: கேளுங்க.

அப்பா: கேக்க ஒண்ணுமில்ல.

அம்மா: நான் இன்னும் காயப் போடணும், பக்கெட்ல பாதி கெடக்கு. கேக்கறதா இருந்தா சட்டுனு கேளுங்க.

அப்பா: இந்தப் பாக்கெட்டை ஏன் வெட்டாம விட்ட?

அம்மா: எது, இதுவா? இது முதல் சட்டை. இதை வெட்டக் கை வரலை.

அப்பா: அவரோட சட்டை.

அம்மா: துணி அவருக்கு வந்தது. எழுத்து உங்களுக்குத் தைச்சது.

அப்பா: எனக்கா?

அம்மா: 'ரூ'வைப் பாருங்க, எப்படி நிக்குதுன்னு. நான் அந்த ரூம்ல இருந்த வரைக்கும் கோணலா ஒரு எழுத்து தைச்சதில்ல. அந்தச் சட்டையில அவர் பேர் இருந்துச்சு. பிரிச்சுட்டு உங்க பேரைத் தைக்கச் சொல்லி, உங்க அட்டைப் பேரைச் சீட்டுல எழுதி என் மேஜையில வச்சிருந்தாங்க. உக்காந்து பிரிச்சேன். எல்லா எழுத்தையும் பிரிச்சுட்டேன். அப்புறம் சீட்டைப் பாத்துத் தைக்க ஆரம்பிச்சேன். முடிச்சுட்டுப் பாத்தா ரூபன்னு இருக்கு.

மகள்: சீட்டைப் பாத்துகிட்டே அதையா தைச்ச?

அம்மா: கண்ணுல தண்ணி. கை அது பாட்டுக்குப் போயிடுச்சு. மணி அடிச்சாச்சு, புது ஆள் கவுன்டர்ல வந்து நிக்கறார். அதான் ரெண்டு நாள் போட்டுக்கோங்கன்னேன்.

அப்பா: அதுக்கப்புறம் நான் பட்டன் கேட்டு வந்தப்போ, பாக்கெட்டையே பாத்துட்டு நின்னியே.

அம்மா: பின்ன? இவ்வளவு கோணலா தைச்சு ஒரு ஆளை ஃபாக்டரிக்குள்ள அனுப்பிட்டோமேன்னு வயித்தெரிச்சல். அன்னிக்கு நூல் வேற தொங்கிட்டிருந்துச்சு. உங்களை நிறுத்தி வச்சு வெட்டலாமா, வேண்டாமான்னு பாத்தேன்.

மகள்: நூலா? அப்பா, முப்பத்தி மூணு வருஷமா நூலா?

அப்பா: சிரிக்காத... சரி, நூல். ஆனா கை போனது அவர் பேருக்குத்தானே?

அம்மா: ஆமா. அவர் போய் ஒண்ணரை மாசம்தான் ஆகியிருந்துச்சு. பொய் சொல்லச் சொல்றீங்களா?

அப்பா: பொய் வேண்டாம்.

அம்மா: அந்த ஒரு சட்டைக்குக் கை அவர் பேருக்குப் போச்சு. மீதிச் சட்டைக்கெல்லாம் நான் கண்ணு தெளிவாத்தான் தைச்சேன்.

அப்பா: தெளிவா இருந்தா என் பேரைத் தைச்சிருக்கணும்.

அம்மா: ஓ... இதுவா? இத்தனை வருஷமா இதை உள்ளயே வச்சிருந்தீங்களா, ரூபன்?

அப்பா: பாரு, இப்பக் கூட.

மகள்: அம்மா, பதினொண்ணே முக்கால். உங்க மாப்பிள்ளை கிளம்பிட்டாராம், மெசேஜ் வந்திருக்கு. நான் என்ன எழுதட்டும்? வேற பேரே எழுதிடறேன். எனக்கு அப்பா மனசு கஷ்டப்பட வேண்டாம்.

அம்மா: பேனாவைக் கீழ வை. உங்கப்பா சொல்லட்டும்.

அப்பா: நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ என்ன சொல்றியோ, அதைப் பொறுத்து அவ எழுதட்டும், இல்ல விடட்டும்.

அம்மா: கேளுங்க.

அப்பா: கோச்சுக்கக் கூடாது.

அம்மா: மொதல்ல கேளுங்க.

அப்பா: நீ என்னைக் கூப்பிடறல்ல... ரூபன்னு. கடைசியில கொஞ்சம் இழுத்து. மாடியில இருந்தாலும் கேக்கற மாதிரி. அவரையும் இப்படித்தான் கூப்பிடுவியா? இதே மாதிரி, இதே குரல்ல?

அம்மா: யாரை?

அப்பா: அவரைத்தான்.

அம்மா: நல்லாருக்கே. புருஷனைப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா? ஏழு மாசமும் 'என்னங்க'தான். ஆஸ்பத்திரியில பேர் கேட்டப்போ கூட எழுதித்தான் குடுத்தேன், உங்க பேரை எழுதிக் குடுக்கற மாதிரியே. கவுன்டர்ல நின்னு பாக்கெட் பேரைப் படிச்சுத்தான் ஆளைக் கூப்பிடணும், அதான் அங்க வழக்கம். நீங்க ரெண்டாவது தடவை பட்டன் வாங்க வந்த அன்னிக்கு, எப்படியோ வாயைத் திறந்து முதல் தடவையா ரூபன்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தது நீங்கதான். அன்னையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும், அந்தப் பேரை நான் கூப்பிட்டுத் திரும்பிப் பாத்தது நீங்க ஒருத்தர் மட்டும்தான்.